எத்தனை நடை?

வங்கியில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து, 2022 ஜூனில் ஓய்வு பெற்றேன். அதில் பெரும்பகுதி காசாளர் கூண்டுக்குள் கழிந்தது. எங்கள் கோவில்பட்டிப் பக்கத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போய்த் திரும்புவதை ‘ஒரு நடை’ என்பார்கள். ‘பாஸ்புக்கில் பெயரைத் திருத்த மூன்று நடை நடந்தேன்’ என்று ஒரு பெண் சொன்னால், மூன்று நாள் கூலி போயிற்று என்று அர்த்தம். இந்தச் சொல்லைக் கூண்டுக்குள் இருந்தபடி ஆயிரம் முறை கேட்டிருப்பேன். ‘நாளைக்கு வாருங்கள்’ என்று சொல்ல எனக்கு ஒரு வினாடி போதும். அந்த ஒரு வினாடியின் விலையை எதிரில் நிற்பவர் கட்டுகிறார் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் ஒரு பெண்ணைச் சந்தையில் பார்த்தேன். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குபவர். கணவர் 2021-இல் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய கணக்கை முடிக்க அந்த அம்மாள் எங்கள் கிளைக்கு வந்தபோது பாஸ்புக்கை என்ட்ரி போட்டுக் கொடுத்தவன் நான். அதில் மே மாத இறுதியில் 330 ரூபாய் பிடித்திருந்தது. பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு அப்போது ஆண்டுப் பிரீமியம் அதுதான். இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். அந்த வரி என் கண்ணில் பட்டது, மூளையில் படவில்லை. மூன்றாயிரத்துச் சொச்சம் மீதியை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். சந்தையில் கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அந்த 330 திடீரென்று நினைவுக்கு வந்தது. அன்று நான் காய் வாங்கவில்லை.

பிறகு மனு போட்டோம். தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தோம். பெயரில் ஓர் எழுத்து இடித்தது, அதற்கும் எழுதிக் கொடுத்தோம். நான்கு மாதம் கழித்துப் பணம் வந்தது. அந்த அம்மாள் நடந்த நடை ஏழு. அன்றிலிருந்து நான் நடையை எண்ண ஆரம்பித்தேன். வங்கி, தாலுகா அலுவலகம், தபால் நிலையம், பள்ளி, நீதிமன்றம் என்று காகிதத்தோடு வாழ்ந்து ஓய்வு பெற்ற யாரும் இதைச் செய்யலாம். எப்படி என்று நான் தடுக்கி விழுந்த இடங்களோடு சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் ‘போதும்’ என்பதற்கு ஓர் எண்

பிறருக்கு உதவப் போகிறேன் என்று கிளம்புவதற்கு முன்னால் சொந்த வீட்டுக் கணக்கை முடியுங்கள். ‘போதும்’ என்று வாயால் சொல்வது எளிது; எண்ணாக எழுதிப் பார்த்தால்தான் மனம் நம்பும். ஆறு மாதம் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு செலவையும் எழுதினேன். பால், மின்கட்டணம், மொய், என் சர்க்கரை மாத்திரை, பேரனுக்கு வாங்கிய சைக்கிள், எதையும் விடவில்லை. மாதம் 23,500 வந்தது. ஓய்வூதியம் 36,000. வீட்டுக் கடனை அடைத்தது போக ஓய்வுக்காலப் பணமாகக் கையில் நின்றது 26 லட்சம்.

அந்த 26 லட்சத்துக்கு நான் போட்டிருந்த திட்டம் மாடி. தெருவில் எல்லாரும் மாடி எடுத்துவிட்டார்கள், நான் மட்டும் தரைத்தளம். கொத்தனார் 19 லட்சம் ஆகும் என்றார். வாடகை மாதம் 8,000 வரும் என்று தரகர் சொன்னார். நோட்டை எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். அப்போது அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 7.4 சதவீத வட்டி. அன்றைய உச்சவரம்பான 15 லட்சத்தைப் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 27,750 ரூபாய், அதாவது மாதம் 9,250. நான்கு லட்சம் குறைவாகப் போட்டு, குடியிருப்பவரின் குழாய் ஒழுகல் புகாரும் இல்லாமல், வாடகையைவிட அதிகம். ஆகவே நான் மாடியைத் தியாகம் செய்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது தியாகமே இல்லை. தெருவுக்காகக் கட்ட இருந்த மாடி அது.

மீதியில் 8 லட்சம் இருவரின் மருத்துவத்துக்கு. 3 லட்சம் அவசரக் கைச்செலவுக்கு.

உண்மையில் வலித்தது வேறொன்று. ஒரு நகைக்கடன் நிறுவனத்திலிருந்து ஆள் வந்தது. மாதம் 25,000 சம்பளம், வாரத்தில் ஐந்து நாள், ‘உங்களுக்கு ஊரில் நல்ல பெயர் சார், நீங்கள் உட்கார்ந்தாலே போதும்’ என்றார்கள். ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. மாதம் 12,500 மிஞ்சுகிற வீட்டுக்கு இன்னும் 25,000 எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் விட மனம் வரவில்லை. கடைசியில் அவர்கள் சொன்ன அந்த வரிதான் முடிவெடுக்க வைத்தது. அவர்களுக்கு வேண்டியது என் உழைப்பு இல்லை. என் கவுண்டரில் நின்ற பெண்கள் என்னை நம்பித் தோட்டைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அந்த நம்பிக்கையைத்தான் 25,000-க்குக் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கணக்கைத் தனியாகப் போடாதீர்கள். நான் போட்டு முடித்து, பெருமையோடு என் மனைவியிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ‘மாடி வேண்டாம், வேலையும் வேண்டாம், சரி. எந்தக் கணக்கில் என் பெயர் இருக்கிறது?’ என்று கேட்டாள். தேடினால், ஒரு பழைய வைப்பில் இன்னும் என் அம்மாவின் பெயர் நாமினியாக இருக்கிறது. அம்மா இறந்து பதினோரு ஆண்டு. ஊராருக்கு மனு எழுதப் புறப்பட்டவனின் முதல் மனு அவன் வீட்டிலேயே எழுதப்பட்டது. நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். 2025 நவம்பரிலிருந்து வங்கி வைப்புகளுக்கு நான்கு பேர் வரை நாமினியாக வைக்கலாம். நாமினி என்பவர் பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்ப்பவர், வாரிசு வேறு என்பதையும் வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பல அண்ணன் தம்பிச் சண்டை இந்த ஒரு குழப்பத்தில் ஆரம்பிப்பதைக் கவுண்டரில் நின்று பார்த்திருக்கிறேன்.

கொடுக்க வேண்டியது எது

பணம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பழக்கமான ஒருவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 5,000 கேட்டார், கடனாகக் கொடுத்தேன். பணமும் திரும்பவில்லை, ஆளும் அந்தத் தெரு வழியாக நடப்பதை நிறுத்திவிட்டார். முப்பது வருடப் பழக்கம் 5,000-க்குப் போயிற்று. அதிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: கொடுத்தால் கொடுத்ததுதான், கடன் என்ற பெயரில் ஒரு ரூபாயும் தருவதில்லை. ஜெராக்ஸ், ஸ்டாம்பு, வயதானவர்களுக்கு பஸ் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் 1,500 என்று ஒரு வரம்பு. தீர்ந்தால் அடுத்த மாதம்.

எங்கள் மாவட்டத்து ஸ்ரீவைகுண்டத்தில் கல்லூரி நூலகராக இருந்த பாலம் கல்யாணசுந்தரம் தம் சம்பளத்தை முழுக்கப் பிறருக்குக் கொடுத்து, தம் வயிற்றுப்பாட்டுக்கு வேறு சிறு வேலைகள் செய்தார். 2023-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவரைப் பற்றிப் பேசினால் கேட்பவர்கள் கைகூப்புவார்கள். கைகூப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த உயரம் நம்மால் முடியாது என்பது ஒன்றுமே செய்யாமல் இருக்க வசதியான காரணம்.

எனக்கு வழி காட்டியது மதுரை டாக்டர் வெங்கடசாமியின் கதை. அரசு வேலையில் கண் மருத்துவராக இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றவர், 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். ஓய்வுக்குப் பிறகு புதிதாக ஒரு தொண்டைத் தேடி அவர் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். கைக்குத் தெரிந்த அதே வேலையைக் காசில்லாதவர்களுக்கும் சேர்த்துச் செய்தார். என் கைக்குத் தெரிந்தது படிவம். எந்தக் கட்டத்தில் எதை எழுதினால் திருப்பி அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் திருப்பி அனுப்பியவனே நான்தான்.

இடமும் கிழமையும்

வீட்டில் வைக்காதீர்கள். வீட்டுப் படி ஏற வருகிறவர் கூச்சப்படுவார். கையில் பழத்தோடு வருவார். இரவு எட்டு மணிக்கும் வருவார். உங்கள் மனைவிக்கும் ஒரு வீடு வேண்டும். நான் ஒரு ஜெராக்ஸ் கடை அண்ணாச்சியிடம் கேட்டேன். கடை ஓரத்தில் ஒரு மேசைக்கு இடம் தந்தார். அவருக்கு நாலு பிரதி கூடுதலாக ஓடும், எனக்கு மின்விசிறி கிடைக்கும். இந்த வகையான உடன்பாடுதான் நிலைக்கிறது.

கிழமையில்தான் பெரிய தவறு செய்தேன். செவ்வாய், வெள்ளி காலை பத்து முதல் ஒன்று வரை என்று அட்டையில் எழுதி ஒட்டினேன். இரண்டு வாரம் ஈ ஓட்டினேன். அண்ணாச்சிதான் சிரித்துக்கொண்டே சொன்னார்: ‘வெள்ளிக்கிழமை காலையில் இறப்புச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு யார் சார் வீட்டை விட்டு இறங்குவார்கள்?’ அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. என்னிடம் வர வேண்டியவர்கள் தீப்பெட்டி ஆபீசிலும் கடலை மிட்டாய்க் கம்பெனியிலும் இருக்கிறார்கள். வேலை நாளில் அவர்களை வரச் சொல்வது, இலவச உதவி என்று பலகை மாட்டிவிட்டு ஒரு நாள் கூலியைக் கட்டணமாக வாங்குவதற்குச் சமம். இப்போது ஞாயிறு காலை படிவம் நிரப்புவது, புதன்கிழமை நான் மட்டும் தொடர் விசாரணைக்குப் போவது என்று மாற்றிக்கொண்டேன். உங்கள் ஊரில் யாருக்கு எந்த நாள் ஓய்வு என்று விசாரித்துவிட்டுக் கிழமையை முடிவு செய்யுங்கள். உங்களுக்கு வசதியான நாள் பெரும்பாலும் தப்பான நாள்.

மேசைக்கு வேண்டியவை சொற்பம்: நீல மைப் பேனா நான்கு (இரண்டு காணாமல் போகும்), ஸ்டாம்பு பேட், கோந்து, ஈரத்துணி, பூதக்கண்ணாடி, வருபவர் உட்கார ஒரு நல்ல நாற்காலி. உங்கள் நாற்காலியைவிட அது நன்றாக இருக்கட்டும்.

பாஸ்புக்கைப் படிப்பது

வந்தவர் எதற்கு வந்தேன் என்று சொல்வார். அதைக் கேளுங்கள், ஆனால் அங்கேயே நிற்காதீர்கள். விதவை ஓய்வூதியத்துக்கு மனு எழுத வந்தவரின் மஞ்சள் பைக்குள் அதைவிடப் பெரிய தொகை மடித்து வைக்கப்பட்டிருக்கலாம், அவருக்கே தெரியாமல். எனவே முதலில் பாஸ்புக்கை வாங்கி, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். என்ட்ரி போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தால் முதலில் என்ட்ரி போட்டு வரச் சொல்லுங்கள்.

மே மாத இறுதியில் 436 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். நான் முன்னால் சொன்ன 330 ரூபாய்க் காப்பீடு 2022 ஜூன் முதல் 436 ஆனது. ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை கணக்கு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். சேர்ந்த புதிதில் முதல் சில வாரங்களுக்கு விபத்து மரணம் மட்டும். அதே பக்கத்தில் 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். இதற்கு முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கேட்பார்கள். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுந்தது போன்றவற்றுக்கு உடனே கொண்டு போன மருத்துவமனையின் பதிவேடு உதவும். பனையேறிகள் உள்ள பக்கத்து ஊர்களில் இதை நான் நூறு முறை சொல்லிவிட்டேன்: ஆஸ்பத்திரிச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

உயிரோடு இருப்பவர்களுக்கும் இந்தப் பக்கத்தில் வேலை இருக்கிறது. மே கடைசியில் கணக்கில் ஐந்நூறு ரூபாய் இல்லாவிட்டால் காப்பீடு சத்தமில்லாமல் விட்டுப்போகும். ஏப்ரல் கடைசி ஞாயிறு முதல் நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் இதையே புலம்புவேன். கடைக்கு வருகிற பிள்ளைகள் எனக்கு ‘ஐந்நூறு தாத்தா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது பி.எஃப். இறந்தவர் வேலையில் இருக்கும்போது இறந்தாரா, சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார்களா என்று கேளுங்கள். பிடித்திருந்தால் குடும்பத்துக்கு மூன்று விஷயம் வர வேண்டும். சேர்ந்த தொகைக்குப் படிவம் 20, குடும்ப ஓய்வூதியத்துக்குப் படிவம் 10-டி, ஊழியர் காப்பீட்டுக்குப் படிவம் 5-ஐ.எஃப். பெரும்பாலான வீடுகளில் முதலாவதை வாங்கிக்கொண்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். பத்து வருடம் வேலை பார்த்தால்தான் ஓய்வூதியம் என்ற பேச்சு ஊர் முழுக்க இருக்கிறது. அது உயிரோடு ஓய்வு பெறுபவருக்கு. வேலையில் இருக்கும்போதே இறந்தவரின் மனைவிக்கு ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே குடும்ப ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டு. மாதம் குறைந்தது 1,000 ரூபாய். ஊழியர் காப்பீடு 7 லட்சம் வரை போகும். இந்தப் பத்தியை வெட்டி உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியடியில் கிடந்த பழைய பாஸ்புக்கோடும் வருவார்கள். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கு செயலற்றதாகும். அடையாளச் சான்று கொடுத்து உயிர்ப்பிக்கலாம், கட்டணம் இல்லை. பத்து வருடம் தாண்டினால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படும். மாற்றப்பட்டாலும் உரியவருக்கு அது எப்போதும் உண்டு, அதே வங்கியில்தான் கேட்க வேண்டும். எந்த வங்கி என்றே தெரியாதவர்களுக்காக 2023-இல் ‘உத்கம்’ என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி திறந்தது. அதில் பல வங்கிகளை ஒரே இடத்தில் தேடலாம்.

இவை எல்லாவற்றையும்விட நடையைக் கூட்டுவது பெயர். சண்முகத்தாய் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஆதாரில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, ரேஷன் அட்டையில் இன்னொரு மாதிரி எழுதியிருப்பார்கள். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல். ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். மனுவைத் தொடுவதற்கு முன் எல்லா ஆவணங்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அவசரப்பட்டு ஆதாரைத் திருத்த அனுப்பிவிடாதீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான். எந்த எழுத்துக்கோவை அதிக ஆவணங்களில் இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருத்துங்கள். ஒரு அம்மாளுக்கு நான் அவசரத்தில் தலைகீழாகச் செய்துவிட்டேன். என்னால் அவருக்கு நான்கு நடை கூடியது. நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

தொடக்கூடாதவை

யாருடைய ஓ.டி.பி.யையும் கேட்காதீர்கள், அவர்களே நீட்டினாலும் பார்க்காதீர்கள். ஏ.டி.எம். அட்டையைக் கையில் வாங்காதீர்கள். காலிப் படிவத்தில் கைநாட்டு வாங்காதீர்கள். ஆதார் நகலை வைத்துக்கொள்ளாதீர்கள், கைபேசியில் படம் எடுத்திருந்தால் அவர் கண் முன்னாலேயே அழியுங்கள். ‘உங்கள் கணக்கில் வரட்டும் சார், நீங்கள் எடுத்துக் கொடுங்கள்’ என்பார்கள். ஒருபோதும் கூடாது. கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் கூடாது.

இவ்வளவு கடுமை எதற்கு என்றால், ஊரில் இதே வேலையைக் காசு வாங்கிக்கொண்டு செய்யும் தரகர்களும் இதே அன்போடுதான் பேசுகிறார்கள். நம் இருவருக்கும் உள்ள வித்தியாசத்தை வந்தவர் எப்படி அறிவார்? நல்லவன் என்று நம்மை நம்பச் சொல்வதும் ஒரு சுமைதான். யாரையும் நம்பத் தேவையில்லாத வகையில் வேலையை அமைப்பது மேல்.

அன்பளிப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் தளர்வு. பணம் வாங்க மாட்டேன். ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் வந்தால் மறுக்க மாட்டேன். மறுத்தால் அவர்களை மீண்டும் மனுதாரராகவே நிறுத்துவது போல் ஆகிவிடுகிறது. அதைப் பிரித்து மேசையில் வைப்பேன், அடுத்து வருகிறவர் எடுத்துக்கொள்வார். எனக்குச் சர்க்கரை. என் மனைவிக்குத் தெரியாமல் ஒன்று.

கவுண்டருக்கு இந்தப் பக்கம்

முதல் ஆறு மாதம் எங்கே போனாலும் ‘நான் வங்கியில் இருந்தவன்’ என்று சொல்லிக்கொண்டு போனேன். உடனே நாற்காலி போட்டார்கள், வேலையும் நடந்தது. பிறகு அதே பெண்கள் தனியாகப் போனபோது ‘சாரை அழைத்து வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பினார்கள். என் பெயரால் மட்டுமே வேலை நடக்கிறது என்றால், ஊரில் ஒரு தரகன் கூடியிருக்கிறான், அவ்வளவுதான். இப்போது முதல் நடைக்குக் கூடப் போவேன், வாய் திறக்க மாட்டேன். இரண்டாவது நடைக்கு வாசலில் நிற்பேன். மூன்றாவதுக்குப் போவதில்லை. எந்தக் காகிதத்துக்கு அடுத்து எந்தக் காகிதம் என்று வரிசையாகக் குத்திக் கொடுத்து, ‘ஒப்புகைச் சீட்டு கொடுங்கள் சார் என்று கேளுங்கள், கொடுக்கும்வரை நகராதீர்கள்’ என்று சொல்லி அனுப்புவேன்.

கவுண்டரில் இருப்பவரை எதிரியாக நினைக்காதீர்கள். நான் அங்கே இருந்தவன், எனக்குத் தெரியும். டோக்கன் நூற்றுப் பத்து ஓடும்போது மனிதர் முகம் தெரியாது, காகிதம்தான் தெரியும். அந்தக் காகிதம் சுத்தமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. பதினொன்றுக்கு முன் அல்லது மூன்றுக்குப் பின் போங்கள். ஒன்றாம் தேதியும் ஓய்வூதிய நாளும் வேண்டாம். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஒரு மாதம் பதில் இல்லாவிட்டால் அந்தத் தேதியைக் குறிப்பிட்டு நினைவூட்டல் கடிதம். அதற்கும் இல்லாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர்க்கும் கூட்டம். எங்களுக்கு அது தூத்துக்குடியில், போய்வர ஒரு முழு நாள். அதனால் ஐந்தாறு பேரின் மனுக்கள் சேர்ந்த பிறகு ஒன்றாகப் போகிறோம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம் கட்டி, ‘இந்த மனு இன்று யார் மேசையில் இருக்கிறது’ என்று மட்டும் கேட்பது கடைசி ஆயுதம். 30 நாளில் பதில் தர வேண்டும். பல நேரம் பதிலுக்கு முன்னால் வேலையே நடந்துவிடும். அடிக்கடி எடுத்தால் மழுங்கிவிடும். நான் மூன்று ஆண்டில் நான்கு முறை எடுத்திருக்கிறேன்.

நோட்டு

பழைய சகாக்கள் கல்யாண வீடுகளில் பார்த்தால் இன்னும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். மாடி எடுத்தாயா, மனை எங்கே வாங்கினாய், பையன் எவ்வளவு அனுப்புகிறான். பதில் சொல்ல முதலில் வெட்கமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஒருவர் ‘ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறாயாமே, வீட்டில் ஏதும் கஷ்டமா?’ என்று தனியாக அழைத்துக் கேட்டார். மனசார உதவத்தான் கேட்டார், பாவம். அந்த வெட்கத்துக்கு மருந்து எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வருடத்தில் அதுவாகக் குறைந்தது. உங்களுக்கும் ஒரு வருடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாற்பது பக்கச் செலவு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி மேசைக்கு வைத்திருக்கிறேன். மூன்றே கட்டம்: தேதி, என்ன வேண்டும், எத்தனை நடை. பெயர் எழுதுவதில்லை. எத்தனை பேருக்கு உதவினேன் என்று கூட்டிப் பார்ப்பதும் இல்லை. அந்த எண் தலைக்கு ஏறும். கடைசிக் கட்டத்தை மட்டும் மாதக் கடைசியில் பார்ப்பேன். ஆரம்பத்தில் ஏழு, ஒன்பது, ஐந்து என்று இருந்தது. இப்போது சாதாரண வேலைகளில் இரண்டு, மூன்று. ஒன்று என்று எழுதிய நாள் இதுவரை பதினாறு. அந்த நாட்களில் வீட்டுக்குச் சற்றுச் சுற்றுவழியாக நடந்து போவேன்.

போன ஞாயிறு அந்த 330 ரூபாய் அம்மாள் வந்தார். கூட இன்னொரு பெண், அதே ஆபீசில் பெட்டி ஒட்டுபவர், கணவர் போய் இருபது நாள். நான் கைநீட்டுவதற்கு முன்னால் அந்த அம்மாளே பாஸ்புக்கை வாங்கிப் பின்னாலிருந்து புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. ‘இங்கே பிடித்திருக்கிறான் பார்’ என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். 436. அந்தப் பெண்ணை நல்ல நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, படிவத்தை எடுத்துத் தாருங்கள் என்று என்னிடம் கேட்டார். இறப்புச் சான்றிதழில் கணவரின் இனிஷியல் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை. நாளை மறுநாள் புதன். நகராட்சி அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.